இங்கிலாந்து ராக் இசைக்குழு குலா ஷேக்கரின் பாட்டுகளைக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாம் பெடியன்:
96 நவம்பர். அவங்கட 'கோவிந்தா' பாட்டு பிரிட்டிஷ் பாட்டுத் தரவரிசையில ஏழாம் இடத்துக்கு ஏறின நேரம், எனக்குப் பதினாலு வயது. டிவியில வெள்ளைக்காரப் பெடியன் ஒருத்தன் கிற்றாரோட நிண்டு முழுக்கச் சமஸ்கிருதத்தில பாடுறான். அம்மா குசினியில தோசை சுட்டுக்கொண்டிருந்தவ. பாட்டு கேட்டதும் தட்டகப்பையோட வந்து வாசல்ல நிண்டா. நான் ரிமோட்டை எடுத்து சனலை மாத்திப்போட்டன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில நடக்கப்போறது எனக்குத் தெரியும். நடந்தது. என்னைக் கண்டதும் நாலைஞ்சு பேர் அதே பாட்டை மூக்கால இழுத்தாங்கள். 'அது எங்கட பாட்டில்லை' எண்டு சொல்லிப்போட்டன். போன மாதம் அந்தப் பாட்டு இருக்கிற 'கே' அல்பத்தைத் திரும்பக் கேட்டன். அந்தப் பாட்டில பகிடி ஒரு துளி இல்லை.

திருவரங்கத்தாள்:
அண்ணா, பாட்டை விடுங்கள், இசைக்குழுவின் பேரே நம்முடையது! முதலில் 'தி கேஸ்' என்றுதான் இருந்தார்கள். குலசேகர ஆழ்வாரின் பேரைக் கேள்விப்பட்ட பிறகுதான் குலா ஷேக்கர் ஆனார்கள். கல்லூரியில் படிக்கும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். தினமும் பெருமாள் திருமொழி சேவிக்கிறவர் அவர். "போடும்மா, கேட்போம்" என்று ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார். "ஸ்ருதி சுத்தமா இருக்கு" என்றார், அவ்வளவுதான். இப்போதும் சன்னதியில் பெருமாள் முன்னால் இருக்கும் வாசற்படியை, ஆழ்வார் பேரால் குலசேகரன் படி என்பதை, பார்க்கும்போது அந்த ஹெட்போன் போட்ட முகம்தான் நினைவுக்கு வருகிறது.

பழைய சிடி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 97-ல் குழுவின் பாடகர் கிரிஸ்பியன் மில்ஸ் ஒரு பேட்டியில், மேடையில் எரியும் ஸ்வஸ்திகாக்கள் வைக்க ஆசை என்றார். நம் வீட்டு வாசலில் அது மங்கலக் குறி, சரி. ஐரோப்பாவில் அதன் பேரால் எத்தனை லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்! பிறகு வருத்தம் தெரிவித்தார்தான். அதைப் படித்த வாரமே என் 'கே' சிடியை விற்றுவிட்டேன். கடைக்காரர் அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நடிகை ஹேலி மில்ஸ் மகன்தானே" என்றார். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது. நான் விற்றதற்குக் காரணம் அந்தப் பேச்சு. அவர் சிரித்ததோ, பெரிய நடிகர் ஜான் மில்ஸின் பேரனுக்குச் சாமி பாட்டு எதற்கு என்று. பத்திரிகைகளும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் அடித்தன. ஆகவே திருவரங்கத்தம்மா, பேர் நம்முடையது என்பதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட முடியாது.

நாலு தந்தி:
இவர்கள் பாடிய 'ஹஷ்' கேட்டுத்தான் நான் பேஸ் கிட்டார் வாங்கினேன். அது ஜோ சவுத் எழுதிய பழைய பாட்டு என்பதே பிறகுதான் தெரிந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் 'கே'யிலேயே நின்றுவிட்டீர்களே! 99-ல் வந்த 'பெசன்ட்ஸ், பிக்ஸ் அண்ட் அஸ்ட்ரோனாட்ஸ்' கேளுங்கள். பாப் எஸ்ரின் தயாரித்த அல்பம், பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி வால்' அல்பத் தயாரிப்பில் இருந்தவர். ஸ்பீக்கரில் வேண்டாம், நல்ல ஹெட்போன் வேண்டும். முதல் தடவை குரலை விட்டுவிட்டு அலோன்சா பெவனின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை ஜே டார்லிங்டனின் ஆர்கன். இந்த மனிதரைத்தான் பிறகு ஒயாசிஸ் ராக் குழு தங்கள் மேடைக்குக் கூட்டிப்போனார்கள், அதை ஏன் யாரும் எழுதுவதில்லை? அல்பம் வந்த 99-லேயே குலா ஷேக்கர் கலைந்தது. மறுபடி சேர்ந்து 2007-ல் 'ஸ்ட்ரேஞ்ச்ஃபோக்' கொடுத்தார்கள், அதைக் கடைசியில் கேட்டால் போதும். 2024-ல் வந்த 'நேச்சுரல் மேஜிக்' கட்டாயம் கேளுங்கள், டார்லிங்டன் திரும்பி வந்துவிட்டார். வரிசை மாற்றிக் கேட்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் பெடியன்:
நாலு தந்தி அண்ணை, கேக்கிறன், ஆனா நான் அல்பம் தேடி இங்க வரேல்லை. பழைய சிடி, நீங்கள் சொன்னது நியாயம். அந்தப் பேச்சை நானும் மறக்கேல்லை. ஒண்டை மட்டும் முதல்ல எழுதாமல் விட்டிட்டன். நான் சனலை மாத்தினதும் அம்மா கேட்டவ: "ஏன் தம்பி, வடிவாத்தானே பாடினவன்?" நான் பதில் சொல்லேல்லை. அவ திரும்பிப் போய் தோசையைப் பிரட்டினா. ஒரு பக்கம் கருகிப்போச்சு. அதைத் தன்ர தட்டில வைச்சுக்கொண்டா.