டைப்-6, அனகோண்டா, அப்புறம் அந்த 7 விநாடி

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி வீடியோ கேமில் நான் முதலில் பறிகொடுத்த கப்பல் டைப்-6 என்ற சரக்குக் கப்பல். சரக்கு அறை நிறையப் பொருள், ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. த்ராட்டிலை நீலப் பகுதியில் வைத்து, போய்ச் சேரும் நேரம் 7 விநாடியிலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கப்பல் உதறியது. பின்னால் அனகோண்டா என்ற பெரிய கப்பல், ஓட்டியது இன்னொரு பிளேயர்.

சூப்பர்குரூஸ் என்ற அதிவேகப் பயணத்திலிருந்து நம்மை வெளியே இழுத்துப்போடுவதுதான் இன்டர்டிக்ஷன். அது ஆரம்பித்ததும் எதிரே நீல நிறத்தில் தப்பிக்கும் திசை தெரியும். அது ஓரிடத்தில் நிற்காது. கப்பலின் மூக்கை அதன்மேலேயே வைத்திருந்தால் நம் நீலப் பட்டை ஏறும், விலகினால் எதிரியின் சிவப்புப் பட்டை ஏறும். சரக்கு ஏற்றிய டைப்-6 அத்தனை வேகமாகத் திரும்பாது. ஆனாலும் கடைசிவரை மல்லுக்கட்டினேன், தோற்றேன். கப்பல் பம்பரமாகச் சுழன்று சாதாரண வெளியில் வந்து விழுந்தது. கப்பலின் உடலில் அடி. அதைவிட மோசம், இப்படித் தோற்று விழுந்தால் எஃப்.எஸ்.டி. (அதிவேகப் பயணத்துக்கான என்ஜின்) ஆறுவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும். அதுவரை அவன் சுட்டுக்கொண்டே இருந்தான்.

ஆறியதும் பதற்றத்தில் மறுபடி சூப்பர்குரூஸுக்கே சார்ஜ் போட்டேன். பட்டை நகரவே மாட்டேன் என்றது. பக்கத்தில் நம்மைவிடப் பெரிய கப்பல் இருந்தால் மாஸ் லாக் விழும், சூப்பர்குரூஸுக்கான சார்ஜ் அப்படியே இழுத்துக்கொண்டு போகும். அனகோண்டா பக்கத்தில் நிற்கும்போது டைப்-6 என்ன செய்ய முடியும்? பாதி சார்ஜிலேயே கப்பல் வெடித்தது. கப்பல் விலையில் 5 சதவீதம் கட்டித் திரும்ப எடுத்துக்கொண்டேன். சரக்குக்குக் காப்பீடு கிடையாது, போனது போனதுதான்.

அன்று எனக்குத் தெரியாமல் போனது ஒரே விஷயம். வேறு நட்சத்திர மண்டலத்துக்கு ஜம்ப் போட்டால், அதாவது ஹை வேக் எடுத்தால், எதிரியின் கப்பல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் மாஸ் லாக் அந்த சார்ஜைத் தொடாது. இப்போதெல்லாம் சரக்குக் கப்பலில் போகும்போது பட்டையோடு போராடுவதே இல்லை. இழுப்பு ஆரம்பித்த உடனே த்ராட்டிலைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கி சப்மிட் செய்துவிடுவேன், அதாவது போராடாமல் பணிந்துவிடுவேன். கப்பல் சுழலாமல் வெளியே வரும், எஃப்.எஸ்.டி. சீக்கிரம் ஆறிவிடும். பவரை ஷீல்டுக்கு ஏற்றி, பூஸ்ட் அடித்து, எதிரியைத் தாண்டிப் போவேன். தாண்டும்போதே பக்கத்து மண்டலம் ஒன்றைக் குறிவைத்து சார்ஜ் போட்டுவிடுவேன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆயுதங்களை வெளியே எடுத்திருந்தால் எஃப்.எஸ்.டி. சார்ஜே ஆகாது. திருப்பிச் சுடலாம் என்ற ஆசையில் நான் ஒருமுறை அதிலும் மாட்டியிருக்கிறேன்.

இன்டர்டிக்ஷன் செய்பவன் நமக்குப் பின்னால் வந்தாக வேண்டும். நட்சத்திரத்திலிருந்து ஸ்டேஷனுக்கு எல்லோரும் ஒரே நேர்க்கோட்டில் போகிறோம். கோளின் ஈர்ப்பு நெருங்க நெருங்க எல்லோருடைய வேகமும் தானாகவே குறைகிறது. அந்த 7 விநாடி நேரத்தில் நாம் அசையாமல் போகிறோம், பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள அவனுக்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. அதனால் நான் மண்டலத்தின் தளத்தை விட்டு மேலே ஏறி, ஸ்டேஷனுக்குப் பக்கவாட்டில் வந்து இறங்குகிறேன். கூடுதலாக ஓரிரு நிமிடம் ஆகிறது, ஆகட்டும். ஸ்கேனரில் எவனாவது பின்பக்கம் திரும்புவது தெரிந்தால் நானும் திரும்பிவிடுவேன்.

சின்னக் கப்பலில் மட்டும் கதை வேறு. கோப்ரா எம்கே 3-ல் ஒரு என்.பி.சி. (கேமே இயக்கும்) கொள்ளையன் இழுத்தபோது நீல வட்டத்தை விடவே இல்லை. என் பட்டை நிரம்பியதும் அவன்தான் சூப்பர்குரூஸிலிருந்து தூக்கியெறியப்பட்டான். இழுத்தவன் தோற்றால் அடி அவன் கப்பலுக்குத்தான். ஸ்கேனரில் அவன் புள்ளி மறைந்த அந்த நொடியை இன்னும் மறக்கவில்லை.

இதெல்லாம் சூப்பர்குரூஸில் நடப்பவை. மண்டலம் விட்டு மண்டலம் ஜம்ப் போடும்போது வரும் ஹைப்பர்ஸ்பேஸ் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால் எந்த பிளேயராலும் நம்மைத் தொட முடியாது. ஆனால் 2017 ஜனவரியில் தார்காய்டுகள் என்ற வேற்றுலக உயிரினங்கள் அங்கேயும் கை வைக்க ஆரம்பித்தன. எனக்கு அது நடந்தது கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பக்கம். ஜம்ப்பின் நடுவே சுரங்கம் முறுக்கிக்கொண்டது, கப்பல் கும்மிருட்டில் போய் விழுந்தது. நீலப் பட்டை இல்லை, சப்மிட் இல்லை. அப்புறம் விளக்கு, என்ஜின், ஸ்கேனர் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. பூ விரிந்த மாதிரி ஒரு பெரிய கப்பல் மெல்லச் சுழன்று எதிரே வந்து நின்றது, என் கப்பல்மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தது, பிறகு போய்விட்டது. என் கார்கோவில் அவர்கள் பொருள் எதுவும் இல்லை. திரைகள் திரும்ப எரிந்து, எஃப்.எஸ்.டி. சார்ஜ் ஆகும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.