கால்வாய் நீர்மட்ட கிராஃப்: புள்ளியெல்லாம் ஒரே இடத்தில் குவியுது

கேள்வி (அம்பாசமுத்திரம்)
கன்னடியன் கால்வாய் மடையில் உள்ள சென்சார் 30 விநாடிக்கு ஒரு தடவை தண்ணி உயரத்தை அனுப்புது. ஆண்ட்ராய்டு ஆப்பில் எம்பிஆண்ட்ராய்டுசார்ட் 3.1.0 (கிராஃப் வரையும் லைப்ரரி) வச்சு லைன் சார்ட் போட்டா, கோடு ரம்பப்பல் மாதிரி நிக்குது. டேட்டாபேஸில் நேரம் சரியா இருக்கு. சிக்னல் போன நேரத்துக்கு 0 போட்டிருக்கேன், அங்க கோடு தரைக்கு விழுந்து எந்திரிக்குது. பாபநாசம், மணிமுத்தாறு அணை மட்டமும் இதிலேயே காட்டணும். அண்ணாச்சிமார் வழி சொல்லுங்க.

பதில் (பாளையங்கோட்டை)
எக்ஸ் மதிப்பா மில்லிசெகண்டை அப்படியே கொடுக்கியளா? அந்த லைப்ரரியில் என்ட்ரியோட (ஒரு புள்ளியோட) எக்ஸ், ஒய் ரெண்டுமே ஃப்ளோட், அதாவது தசம எண் வகை. அதுக்கு 24 பிட் துல்லியம்தான். 1970-லிருந்து எண்ணின மில்லிசெகண்ட் இப்ப 1.7 லட்சம் கோடியைத் தாண்டியாச்சு. அந்த அளவில் ஒரு ஃப்ளோட்டுக்கும் அடுத்த ஃப்ளோட்டுக்கும் இடைவெளி 1,31,072 மில்லிசெகண்ட், அதாவது 2 நிமிஷம் 11 விநாடி. அதுக்குள்ள வர்ற நாலஞ்சு ரீடிங்கும் ஒரே எண்ணாயிடும்.

முதல் ரீடிங் நேரத்தை லாங்காவே (பெரிய முழு எண் வகை) வச்சுக்கோங்க. ஒவ்வொரு நேரத்திலிருந்தும் அதைக் கழிச்சு, 1000-ஆல் வகுத்து, பிறகுதான் ஃப்ளோட்டாக்கணும். முன்னாடியே ஃப்ளோட்டாக்கிட்டுக் கழிச்சா பிரயோஜனமே இல்ல. அச்சில் நேர லேபிள் எழுத, எண்ணை எழுத்தாக்கும் வேல்யூஃபார்மேட்டரில் 1000-ஆல் பெருக்கி, கழிச்ச நேரத்தைத் திரும்பக் கூட்டிக்கோங்க. கிரானுலாரிட்டி (ரெண்டு லேபிளுக்கு நடுவில் குறைஞ்ச இடைவெளி) 60 வைங்க, இல்லேன்னா ஜூம் பண்ணும்போது 08:15, 08:15னு ஒரே லேபிள் அடுத்தடுத்து வரும். நெட்வொர்க் கோளாறில் பிந்தி வந்த ரீடிங்கை நேர வரிசையில் சேர்த்த பிறகே சார்ட்டுக்குக் கொடுங்க. வரிசை கலைஞ்சா விரலால இழுக்கும்போது ஆப்பே நின்னுபோகலாம்.

பதில் (வீரவநல்லூர்)
அந்த 0-வை முதல்ல எடுத்திருங்க. மடை அடைச்சாத்தான் 0. சிக்னல் இல்லாததைத் தண்ணி இல்லைன்னு காட்டினா, பிசான நெல் பருவத்துக்கு நாத்து விட்டுட்டுக் காத்திருக்கவர் பதறிப்போவார். ரெண்டு ரீடிங்குக்கு நடுவில் 5 நிமிஷத்துக்கு மேல இருந்தா, அங்கேயே முறிச்சுப் புது லைன்டேட்டாசெட் (ஒரு கோட்டுக்கான புள்ளித் தொகுப்பு) ஆரம்பிங்க, நிறம் ஒண்ணாவே இருக்கட்டும். லெஜண்டை (கோடுகளோட பேர்ப் பட்டியல்) அணைச்சிருங்க, செட்டுக்கு ஒரு பேரா அடுக்கிக்கிட்டே போகும்.

ஒரு நாளைக்கு 2,880 புள்ளி. 1,080 பிக்சல் அகலத் திரையில் அத்தனைக்கும் வட்டமும் எண்ணும் வரைஞ்சா கோடே தெரியாது. டிராசர்க்கிள்ஸ், டிராவேல்யூஸ் ரெண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்க.

பதில் (பாளையங்கோட்டை)
அணை ரெண்டையும் ஒரே அச்சில் போடாதிய. பாபநாசம் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. 100 அடின்னா அங்க 43 அடி பாக்கி, இங்க 18தான். தனித்தனி சார்ட்டில் முழு உயரத்துக்கு ஒரு லிமிட்லைன் (குறுக்கே எல்லைக் கோடு) போடுங்க. அச்சின் உச்சத்தை 150, 125னு நீங்களே வைக்கணும், அந்த எல்லைக் கோடு அச்சுக்கு வெளியே போனா லைப்ரரி வரையாது. அடியை வச்சு “70 சதவீதம் நிரம்பியது”ன்னு மட்டும் எழுதிராதிய. அணை மேல போகப்போக அகலும், பாதி உயரத்தில் பாதித் தண்ணி இருக்காது.

கேட்டவர்
கழிச்ச பிறகு ஃப்ளோட்டாக்கினதும் கோடு சீராயிட்டு. புது ரீடிங் மட்டும் திரையைத் தொட்டாத்தான் தெரியுது.

பதில் (வீரவநல்லூர்)
டேட்டாசெட்டில் என்ட்ரி சேர்த்ததும் டேட்டாவுக்கு நோட்டிஃபைடேட்டாசேஞ்ச்டு, சார்ட்டுக்கு நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்டு, கடைசியா திரையை மறுபடி வரைய இன்வேலிடேட். இதே வரிசையில் கூப்பிடுங்க, மெயின் த்ரெட்டில் (திரையை வரையும் முக்கிய இழை).