மைக்கேல் வுட்: திரை வழியே ஒரு வரலாற்றாசிரியரை அறிந்த அனுபவம்

வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடர்களாகச் சொல்லும் இங்கிலாந்து வரலாற்றாசிரியர் மைக்கேல் வுட்டை நான் நேரில் சந்தித்ததில்லை. எனினும், வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாகிய என் வகுப்பறையை அவரளவுக்கு மாற்றியவர் வேறொருவர் இல்லை என்பதால், அவருடைய பணியோடு எனக்கு ஏற்பட்ட பழக்கத்தை இங்கே பதிவுசெய்கிறேன்.

அவரை முதலில் அறிந்தது இந்திய வரலாறு குறித்து அவர் உருவாக்கிய ஆறு பகுதித் தொடரின் வாயிலாக. பி.பி.சி. அதனை 2007-இல் ஒளிபரப்பியது. வெளிநாட்டவர் எடுத்த படம் என்றால் அரண்மனையும் யானையும் வரும் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கிய எனக்கு, முசிறித் துறைமுகத்தைத் தேடிக் கேரளக் கரைக்குச் செல்வதும், மதுரைத் தெருக்களில் நடப்பதும், சோழர் காலத்தைத் தஞ்சையில் நின்றே பேசுவதும் வியப்பளித்தன. தமிழகம் அவருக்குப் படப்பிடிப்பின்போது புதிதாக அறிமுகமான இடம் அன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கு வந்து பழகி, சாதாரண யாத்திரிகர்களோடு பேருந்தில் முருகன் தலங்களுக்குச் சென்று, அந்தப் பயணத்தை 1995-இல் நூலாகவும் எழுதியவர். திரையில் அவர் எங்கள் ஊர்களைப் பார்க்கும் பார்வையில் இருந்த நெருக்கத்துக்கு அந்தப் பழக்கமே காரணம் என்று கருதுகிறேன்.

ஆறு மணி நேரத்துக்குள் ஒரு துணைக்கண்டத்தையே சொல்ல முயல்வதால் சில இடங்களில் அவசரம் தெரிகிறது. சங்க காலத்துக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அதன்பின் அவருடைய பழைய தொடர்களைத் தேடிப் பார்த்தேன். 1948-இல் மான்செஸ்டரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் கால (1066-க்கு முந்தைய இங்கிலாந்தின்) வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அந்த ஆய்வை இடையில் விட்டுத் தொலைக்காட்சிச் செய்தித்துறைக்குச் சென்றார். பிரிட்டனின் ‘இருண்ட காலம்’ எனப்படும் தொடக்க இடைக்காலம் பற்றி 1979-இல் தொடங்கிய தொடரும், 1985-இல் வந்த ட்ராய் போர் பற்றிய தொடரும் அவருக்குப் பெரும் பெயரைத் தந்தன. ட்ராய் தொடரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஹோமரின் காவியம், ட்ராய் இருந்த இடமாகக் கருதப்படும் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் ஜெர்மானியரான ஷ்லீமன் நடத்திய அகழாய்வு, இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட பண்டைய ஹிட்டைட் அரசின் களிமண் பலகைகளில் காணப்படும், ட்ராயைக் குறிப்பதாகக் கருதப்படும் விலுசா என்னும் ஊர்ப்பெயர் என்று ஒவ்வொரு சான்றாக நம் முன் வைத்து, எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவர் எடைபோடும் முறை, ஆய்வு நெறி பற்றி நான் மாணவர்களுக்கு நடத்தும் எந்தப் பாடத்தையும்விடத் தெளிவானது.

அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லர் 1957-இலேயே குறிப்பேதும் இல்லாமல், படமேதும் காட்டாமல், ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று பேசியே மக்களைக் கட்டிப்போட்டார். கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க் 1969-இல் பதின்மூன்று பகுதிகளில் ஐரோப்பியக் கலையை விளக்கினார். இருவரும் தாம் அறிந்ததைச் சொல்லித் தந்தவர்கள். வுட் கேட்கவும் செய்கிறார். பூசகரிடமும் குயவரிடமும் வழிப்போக்கரிடமும் கேட்டு, அவர்கள் சொல்லை வரலாற்றின் உள்ளேயே வைக்கிறார்.

இதன் உச்சம் 2010-இல் வந்த இங்கிலாந்து பற்றிய தொடர். ஒரு நாட்டின் முழு வரலாற்றையும் லெஸ்டர்ஷயரில் உள்ள கிப்வொர்த் என்னும் ஒரே ஊரை வைத்துச் சொல்கிறார். அவ்வூரின் ஒரு பகுதி பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டின் மெர்டன் கல்லூரிக்கு உரியதாக இருந்ததால், குத்தகைதாரர்களின் பெயர்களும் கணக்குகளும் கல்லூரி ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஊர்மக்கள் தங்கள் வீட்டுத் தோட்டங்களிலேயே தொல்லியலாளர் வழிகாட்டச் சோதனைக்குழிகள் தோண்டி, பானை ஓடுகளைக் கழுவி அடுக்குகிறார்கள். மன்னர்கள் பெயரளவில் வந்து போக, உழவர் குடும்பங்களே கதைமாந்தர்களாகின்றன.

இத்தொடரைப் பார்த்த பிறகு, பெரிய கோயிலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அது 1010-இல் நிறைவுற்றது என்பதோடு நான் நிறுத்துவதில்லை. கோயில் பணிக்கென அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டிர் ஏறத்தாழ நானூறு பேரின் பெயர்களையும் அவர்கள் வந்த ஊர்களையும் தருகின்ற கல்வெட்டின் வரிகளை வாசிக்கச் செய்கிறேன். வீட்டிலுள்ள பழைய கிரயப் பத்திரங்களின் நகலைக் கொண்டுவரச் சொன்னபோது, ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டனார் காலத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள். அதில் நான்கெல்லை காட்ட எழுதப்பட்டிருந்த வாய்க்கால் இன்று எங்கே என்ற கேள்வியில் அன்றைய வகுப்பு முழுவதும் கழிந்தது.

ஆய்வுப் பட்டத்தை முடிக்காமல் சென்றவரை 2013-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் பொது வரலாற்றுப் (வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் துறையின்) பேராசிரியராக அமர்த்தியது. மக்களிடம் பேசுவதும் ஆய்வே என்பதற்குக் கிடைத்த இந்த ஏற்பு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. அவரை இனிமேல் பார்க்கத் தொடங்குவோர் இந்தியத் தொடருக்கு முன் கிப்வொர்த் தொடரைப் பார்ப்பது நல்லது. அவர் எதைத் தேடுகிறார் என்பது அதில்தான் முழுமையாக விளங்கும்.