புல்வெளி பராமரிப்புத் தொழில்: பாலிசி இருந்தும் ஒப்பந்தம் கைக்கு வரவில்லை, எங்கே குறை?

புதுப்புல்: புல் வெட்டுவது, ஓரம் சீர்செய்வது, களைக்கொல்லி அடிப்பது எல்லாம் சேர்த்துத் தொழில் தொடங்குகிறேன். பெயர் பதிவு முடிந்தது, பொதுப் பொறுப்புக் காப்பீடும் (என் வேலையால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு ஈடு தருவது) எடுத்தாயிற்று. ஒரு குடியிருப்புச் சங்கம் வேலை தரத் தயார். ஆனால் தங்கள் பெயரைப் பாலிசியில் சேர்க்கச் சொல்கிறார்கள், மருந்தடிக்கும் உரிமமும் கேட்கிறார்கள். பாலிசியிலோ "ரசாயனத் தெளிப்பு நீங்கலாக" என்று ஒரு வரி. இயந்திரங்கள் என் சொந்த வண்டியில்தான் போகும். சீசனில் நாள்கூலிக்கு இரண்டு பேர் வருவார்கள். எதை முதலில் சரிசெய்வது?

வரப்பு: அந்த ஒரு வரியை. 2,4-டி போன்ற களைக்கொல்லி மருந்து கொஞ்சம் காற்றில் போனாலே பக்கத்து வீட்டுத் தக்காளியும் திராட்சையும் இலை சுருண்டுவிடும். அந்த நஷ்டத்துக்கு உங்கள் பாலிசி ஒரு பைசா தராது. தெளிப்பையும் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியின் நிபந்தனையை மாற்றும் இணைப்பு) கேளுங்கள். பெரும்பாலும் உரிம எண் கேட்பார்கள், அதனால் வரிசை இப்படி: உரிமம், எண்டார்ஸ்மென்ட், பிறகு சங்கத்துக்குக் காப்பீட்டுச் சான்றிதழ்.

கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் பாட்டில்தானே என்று நினைக்காதீர்கள். சொந்தத் தோட்டத்தில் அடிக்க உரிமம் தேவைப்படாத மருந்துக்கே, கூலிக்கு அடித்தால் உரிமம் கேட்கும் இடங்கள் நிறைய. களைக்கொல்லி கலந்த உரத்துக்கும் அதே கதைதான். ஒவ்வொரு தெளிப்புக்கும் தேதி, நேரம், மருந்தின் பெயர், பதிவு எண், கலவை அளவு, பரப்பு, காற்றின் வேகம் எழுதி வையுங்கள். புகார் வந்தால் அந்த நோட்டுதான் பேசும். லேபிளில் உள்ள காற்று வரம்பைத் தாண்டக் கூடாது. இலைகூட அசையாத விடியற்காலையும் ஆபத்துதான். தரையை ஒட்டிய குளிர்காற்றில் நுண்துளிகள் அடங்காமல் மிதந்து தூரம் போகும்.

நிபந்தனை_எண்_4: சங்கம் கேட்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். சான்றிதழில் அவர்கள் பெயரை அச்சடிப்பது வெறும் தகவல், அதனால் அவர்களுக்குப் பாதுகாப்பு வராது. "கூடுதல் காப்பீடு பெறுபவர்" என்று பாலிசியிலேயே சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் வேண்டும். ஒரு சம்பவத்துக்கான வரம்பு, ஆண்டு மொத்த வரம்பு இரண்டையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து வண்டி. தனிநபர் வாகன பாலிசி தொழில் பயன்பாட்டை ஏற்காமல் போகலாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியில் இருக்கும் இயந்திரங்கள் திருடுபோனால் வாகன பாலிசியும் உதவாது, பொறுப்புக் காப்பீடும் உதவாது. கருவிகளுக்குத் தனிக் காப்பீடு எடுத்து, வரிசை எண்களைப் படமெடுத்து வையுங்கள்.

புதுப்புல்: நன்றி. கூலி ஆட்களைத் துணை ஒப்பந்ததாரர் என்று காட்டினால் தொழிலாளர் காப்பீடு வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

நிபந்தனை_எண்_4: வேண்டவே வேண்டாம் அந்த வேலை. இயந்திரம் உங்களுடையது, நேரம் நீங்கள் சொல்வது, வேலைமுறையும் நீங்கள் சொல்வது என்றால் காகிதத்தில் என்ன எழுதினாலும் அவர் தொழிலாளிதான் என்று தீர்ப்பாக வாய்ப்பு அதிகம். பிளேடில் விரல் போனால் மருத்துவச் செலவு உங்கள் தலையில். உண்மையான துணை ஒப்பந்ததாரர் என்றால் அவருடைய காப்பீட்டுச் சான்றிதழை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் ஆண்டு இறுதித் தணிக்கையில் அவருக்குக் கொடுத்த தொகையையும் உங்கள் சம்பளக் கணக்கில் சேர்த்துப் பிரீமியம் கேட்கலாம்.

வரப்பு: இன்னொன்று, விற்கும்போது ஏஜென்ட் சொல்லாதது. பிளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும். அதிலிருந்து தெறித்த கல் கார் கண்ணாடியை உடைத்தால் பொறுப்புக் காப்பீட்டில் வரும், ஆனால் உங்கள் பங்குத் தொகையே (ஒவ்வொரு இழப்பிலும் முதலில் நீங்கள் கையிலிருந்து கட்டுவது) கண்ணாடி விலையைவிட அதிகமாக இருக்கலாம். சிறு சேதத்தைக் கையிலிருந்தே கொடுத்துவிட நேரும். தவறான மருந்தால் வாடிக்கையாளரின் புல்லே கருகினால் "பிழையான வேலை" என்று பல பாலிசிகள் ஒதுங்கிவிடும். இதை ஏஜென்டிடம் போனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

மண்ணைத் துளையிடும் வேலையும் எடுப்பீர்கள் என்றால், 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நீர்தெளிப்பான் தலையோ கேபிளோ மாட்டும். அவற்றுக்குக் கொடி நட்டுக் காட்டுவது வாடிக்கையாளர் பொறுப்பு, காட்டாததற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.