கதை வாசிக்கும் பாட்காஸ்ட்: சேர்ந்த சந்தா ரெண்டாம் மாசமே அறுந்து போகுது, உதவி தேவை

பீரோ ஸ்டூடியோ:
வணக்கம். மூணு வருஷமா பழைய சிறுகதைகளை வாசிச்சு பாட்காஸ்ட் போடுறேன், 84 எபிசோட் ஆச்சு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஃபேனை நிறுத்திட்டு, பீரோ கதவைத் திறந்து வச்சு, தொங்குற துணிகளுக்கு முன்னாடி உக்காந்து பேசுறதுதான் நம்ம ஸ்டூடியோ. ஒரு எபிசோடை 400 பேர் கேக்கறாங்க, அதுல பாதி வெளிநாடு. யூடியூபில் 640 சப்ஸ்கிரைபர்.

மைக் செலவாவது திரும்பட்டுமேன்னு ஒரு வெளிநாட்டுத் தளத்துல மாசம் 99 ரூபாய்னு சந்தா ஆரம்பிச்சேன். 14 பேர் சேர்ந்தாங்க. அடுத்த மாசம் 9 பேரோட கார்டுல பணம் எடுக்க முடியல, 'டிக்ளைன்டு'ன்னு வருது. போன் போட்டுக் கேட்டா "நான் நிறுத்தவே இல்லையேப்பா"ங்கறாங்க. கார்டுல பணமும் இருக்கு. தளம் பேங்கைக் கைகாட்டுது, பேங்க் தளத்தைக் கைகாட்டுது.

கூடவே இன்னும் ரெண்டு கேள்வி. விளம்பரம் போட்டா தேறுமா? எங்க ஊர் செக்கு எண்ணெய்க் கடைக்காரர் ஸ்பான்சர் பண்றேங்கறார், எவ்வளவு கேக்கலாம்?

ஃபியூஸ் கட்டை:
அந்த 9 பேரும் இந்திய கார்டுதானே? அப்ப கோளாறு உங்ககிட்ட இல்ல. 2021 அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் பேங்க் விதி: மாசாமாசம் தானா எடுக்கற கார்டு பணத்துக்கு முதல்ல ஓடிபி போட்டு இ-மேன்டேட் (தானா எடுத்துக்கலாம்ங்கற முன் அனுமதி) பதிஞ்சிருக்கணும், ஒவ்வொரு தடவையும் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி பேங்க் தகவல் அனுப்பணும். இந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டுத் தளம் ரெண்டாம் மாசம் கை நீட்டினா பேங்க் தட்டி விட்டுடும். முதல் மாசம் ஆளே உக்காந்து ஓடிபி போட்டதால போயிடுச்சு.

உள்ளூர் பேமென்ட் கேட்வே மூலமா யூபிஐ ஆட்டோபே வைக்கலாம். ஆனா 14 பேருக்கு அதெல்லாம் எதுக்கு? வருஷத்துக்கு ஒரே தடவை 500 ரூபாய், க்யூஆர் கோடு, முடிஞ்சது. மேன்டேட்டே வேண்டாம்.

ஈரோட்டு மைக்:
விளம்பரத்தை மறந்துடுங்க தம்பி. ஆயிரம் கேட்புக்கு 20 டாலர்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் 400 பேருக்கு எபிசோடுக்கு 8 டாலர். அதுவும் அமெரிக்கக் காதுகளுக்குப் பேசற விலை, நமக்கு அவ்வளவு தரமாட்டாங்க. யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபரும் 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வையும் வேணும் (குட்டி வீடியோவான ஷார்ட்ஸுக்கு வேற கணக்கு, அது உங்களுக்கு ஒத்துவராது). தாண்டினாலும் 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு வரும்.

எண்ணெய்க் கடைக்காரர்கிட்ட ஆயிரம் கேட்புக்கு இவ்வளவுன்னு பேசவே பேசாதீங்க, தோத்துடுவீங்க. பாதி ஆள் வெளிநாட்டுல, அவருக்கு அதுல பிரயோஜனம் இல்ல. "நாலு எபிசோட், ஆரம்பத்துல அரை நிமிஷம், மொத்தம் இவ்வளவு"ன்னு பேசுங்க. நான் முதல்ல வாங்கினது 2,000 ரூபாயும் ரெண்டு லிட்டர் நல்லெண்ணெயும். இன்னொண்ணு, விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கியின் வழிகாட்டுதல்படி ஆடியோவுல 'இது விளம்பரம்'னு தொடக்கத்துலயும் முடிவுலயும் வாயாலேயே சொல்லணும். நடுவுல இடைவெளி விட்டா அதுக்கு முன்னும் பின்னும்.

ஓலைச்சுவடி:
எல்லாரும் பணத்தையே பேசறீங்க. யாரோட கதைங்க அதெல்லாம்?

பீரோ ஸ்டூடியோ:
புதுமைப்பித்தன், கு.ப.ரா., தி.ஜானகிராமன், அப்புறம் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் கதைகள் தமிழில். ஆரம்ப இசை ஒரு 80-கள் படத்தோட பின்னணியில 12 செகண்ட். 30 செகண்டுக்குள்ள இருந்தா பிரச்சினை இல்லன்னாங்களே?

ஓலைச்சுவடி:
யார் சொன்னது? அப்படி ஒரு சட்டமே கிடையாது சார். இசையை இன்னிக்கே எடுங்க. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம் உரிமை உண்டு, மெட்டமைச்சவர் உரிமை அது போக தனி.

கதைகளுக்குக் கணக்கு சுலபம். எழுதினவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 வருஷம். கு.ப.ரா. 1944, புதுமைப்பித்தன் 1948: ரெண்டு பேரையும் தாராளமா வாசிக்கலாம். தி.ஜா. 1982-ல்தான் போனார், 2042 முடியற வரைக்கும் குடும்பத்துக்கு உரிமை. செகாவ் 1904-லேயே போயிட்டாரேன்னு நெனைக்காதீங்க, நீங்க வாசிக்கறது மொழிபெயர்ப்பாளரோட தமிழை. அவர் எப்ப இறந்தார்னு பாக்கணும், அவருக்கும் அதே 60.

காசு வாங்காம வாசிச்சாலும் அனுமதி தேவைதான். இதுவரைக்கும் யாரும் கண்டுக்கல, அவ்வளவுதான். எண்ணெய்க் கடை பேர் ஒலிக்க ஆரம்பிச்சதும் உரிமைக்காரங்க காதும் திறந்துக்கும்.

அனுமதி கேக்கறது அப்படியொண்ணும் மலை இல்ல. புத்தகத்துல பதிப்பகத்து விலாசம் இருக்கும், ஆனா ஒலி உரிமை பதிப்பகத்துகிட்ட இருக்கா குடும்பத்துகிட்ட இருக்கான்னு முதல்ல கேளுங்க. எந்தக் கதை, எத்தனை நிமிஷம், எங்கெல்லாம் வரும், எவ்வளவு வருது, அதுல எத்தனை பங்கு தருவீங்க, எல்லாத்தையும் ஒரே கடிதத்துல எழுதுங்க. போன்ல "சரிப்பா, பண்ணிக்கோ"ன்னு சொன்னா போதாது, ஈமெயிலா வாங்கி வைங்க.

ரொறன்ரோ குளிர்:
நான் உங்கட கதைகளை வேலைக்குப் போற வழியில பஸ்ஸில கேக்கிறனான். காசு தர விருப்பம்தான் அண்ணை, ஆனா எனக்கு இந்திய வங்கிக் கணக்கு ஒண்டும் இல்லை, க்யூஆரை வச்சு நான் என்ன செய்யிறது? அந்த வெளிநாட்டுத் தளத்தை எங்களுக்காக அப்பிடியே விடுங்கோ. எங்கட கார்ட்டில ஒரு மாதமும் தவறேல்லை.

ஃபியூஸ் கட்டை:
ஆமா, ரெண்டு வாசல் வைங்க. சிங்கப்பூர், அமீரகம், கனடா உட்பட சில நாடுகள்ல இருக்கற வெளிநாடு வாழ் இந்தியர்கள், அவங்களுக்கான இந்திய வங்கிக் கணக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ இருந்தா அந்த ஊர் போன் நம்பர்லயே யூபிஐ போடலாம், 2023-ல் அனுமதிச்சாங்க. இலங்கை அந்தப் பட்டியல்ல இல்ல.

கணக்குப்பிள்ளை:
சுருக்கமா ரெண்டு. சம்பளத்தோட இந்த வரவையும் வருமான வரி ரிட்டர்ன்ல காட்டணும், 500 ரூபாய்தானேன்னு விடாதீங்க. சேவைக்கு வருஷம் 20 லட்சம் தாண்டினாத்தான் ஜிஎஸ்டி பதிவு, அதுக்கு இப்போதைக்கு தூக்கம் கெட வேண்டாம். அரசு வேலைன்னா மட்டும் துறை அனுமதி வாங்காம பத்து பைசா வாங்காதீங்க.

பீரோ ஸ்டூடியோ:
தனியார் கல்லூரி லேப்தாங்க, அனுமதி பிரச்சினை இல்ல. மூணு வாரத்துல நடந்தது: தி.ஜா., செகாவ் ரெண்டும் சேர்த்து 23 எபிசோடை இறக்கிட்டேன். மனசு கேக்கல, அதுங்களுக்குத்தான் கேட்பு அதிகம். கடிதம் போட்டிருக்கேன், பதில் இல்ல. இசைக்குப் பதிலா எங்க அம்மா உரல்ல இடிக்கற சத்தத்தைப் பதிஞ்சு போட்டேன், அதுக்கே நாலு பேர் எழுதியிருக்காங்க.

வருஷச் சந்தாவுல 11 பேர், 5,500 ரூபாய். வெளிநாட்டுத் தளத்துல 5 பேர் ஒழுங்கா ஓடுது. எண்ணெய்க் கடைக்காரர் 1,500-க்கு இறங்கினார், எண்ணெய் தரல.

ஒரு சின்ன சிக்கல். சந்தா கட்டினவங்க பேரை எபிசோட் கடைசியில வாசிக்கறேன்னு சொல்லியிருந்தேன். ஒருத்தர் "என் பேரைச் சொல்லாதீங்க, மேனேஜரும் உங்க ஷோ கேக்கறார், ஆபீஸ் நேரத்துல கேக்கறேன்னு தெரிஞ்சுடும்"ங்கறார். இன்னொருத்தர் இனிஷியலோட ரெண்டு தடவை சொல்லச் சொல்றார். இதுக்கு யாராவது ஒரு முறை வச்சிருக்கீங்களா?

ஈரோட்டு மைக்:
புனைபெயர் கேட்டு வாங்குங்க தம்பி. என் லிஸ்ட்ல 'பக்கத்து வீட்டு ஜன்னல்'னு ஒருத்தர் ரெண்டு வருஷமா கட்டறார், நிஜப் பேர் எனக்கே தெரியாது.