ஹெல்ப்டெஸ்க்ல வந்த போன் காலை நம்பி எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல கேக்குற ரெண்டாவது சரிபார்ப்பு) ரீசெட் பண்ணிக் குடுத்துட்டேன், இப்போ பயமா இருக்கு, என்ன பண்றது?

ராத்திரி_ஷிப்ட்:

வணக்கம் மக்களே. ஐடி ஹெல்ப்டெஸ்க்ல சேர்ந்து எட்டு மாசம் ஆகுது, ஒரு மாசமா சோஷியல் இன்ஜினியரிங், அதாவது ஆளைப் பேசி ஏமாத்தி உள்ள நுழையுறது பத்தி ஆர்வமா படிச்சிட்டு இருக்கேன், படிக்கும்போதே நானே மாட்டிக்கிட்டேனோன்னு இப்ப சந்தேகம்.

நேத்து சாயந்திரம் 6:40 இருக்கும். ஷிப்ட் மாத்துற நேரம், பகல் ஆளுங்க பையை மாட்டிட்டுக் கிளம்பிட்டாங்க, க்யூல ஒன்பது டிக்கெட் நிக்குது. அப்போ ஒரு கால், ஃபைனான்ஸ்ல இருக்குற ஒரு மேனேஜர் பேரைச் சொல்லி, போன் மாத்திட்டேன், லாகின் கோட் குடுக்குற ஆத்தென்டிகேட்டர் ஆப் புது போன்ல வரல, ஏர்போர்ட்ல நிக்கிறேன், போர்டிங் ஆகுறதுக்குள்ள ஒரு பேமெண்ட் அப்ரூவ் பண்ணணும்னாரு. பின்னாடி அனவுன்ஸ்மென்ட் சத்தம் கூட கேட்டுச்சு. மிரட்டலெல்லாம் இல்ல, ரொம்ப தன்மையா, "ஷிப்ட் முடியுற நேரத்துல தொந்தரவு பண்றேன் தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க"ன்னு வேற சொன்னாரு. எம்ப்ளாயி ஐடி கேட்டேன், டக்குனு சொன்னாரு. ரிப்போர்ட்டிங் மேனேஜர் யாருன்னு கேட்டேன், அதுவும் கரெக்ட். எங்க ப்ரொசீஜர்ல அந்த ரெண்டு கேள்விதான். பாஸ்வேர்டையும் எம்எஃப்ஏவையும் ரீசெட் பண்ணிக் குடுத்துட்டேன்.

ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது, எங்க ஷிப்ட் முடியுற நேரம் அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

இது நிஜமாவே சோஷியல் இன்ஜினியரிங்கா இல்ல நான் ரொம்ப யோசிக்கிறேனா, எப்படி செக் பண்றது? அப்புறம் இதை ஒழுங்கா கத்துக்க வழி சொல்லுங்க, ப்ராக்டிஸுக்கு ஆபீஸ் ஆளுங்களுக்கே வேற பேர்ல போன் பண்ணிப் பாக்கலாமான்னு ஒரு யோசனை இருக்கு. என் மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லல, திட்டுவாரோன்னு இருக்கு.

பழைய_ரூட்டர்:

தம்பி, இதை மேல படிக்கிறதுக்கு முன்னாடி உங்க செக்யூரிட்டி டீமுக்கு போன் போடுங்க. போன், மெயில் இல்ல. உள்ள எவனாவது உக்காந்திருந்தா மெயிலை அவனும் படிச்சிட்டு இருப்பான்.

போட்டாச்சா, சரி. அந்த அக்கவுண்ட்டை உடனே டிசேபிள் பண்ணச் சொல்லுங்க, எல்லா செஷனையும் ரிவோக் பண்ண, அதாவது லாகின் ஆகி இருக்குற எல்லா இடத்துலயும் வெளிய தள்ளச் சொல்லுங்க. வெறும் பாஸ்வேர்ட் மாத்திட்டு முடிஞ்சுதுன்னு உக்காந்துடாதீங்க, ஏற்கனவே லாகின் ஆன செஷன் பல சிஸ்டத்துல அப்படியே ஓடிட்டு இருக்கும், ரிவோக் பண்ணாக்கூட முன்னாடி குடுத்த டோக்கன் (லாகின் ஆனதுக்கு சிஸ்டம் குடுக்குற அனுமதிச் சீட்டு) ஒரு மணி நேரம் வரைக்கும் உயிரோட இருக்கலாம். எம்எஃப்ஏல புதுசா எந்த டிவைஸ் ஏறியிருக்குன்னு பாருங்க. மெயில் பாக்ஸ்ல ரூல்ஸ் பாருங்க, ஃபார்வர்டிங் பாருங்க, அந்த அக்கவுண்ட்ல எந்தெந்த ஆப்புக்கு பெர்மிஷன் குடுத்திருக்குன்னு பாருங்க, நிறைய பேர் இந்த கடைசி விஷயத்தை விட்டுடுவாங்க, பாஸ்வேர்ட் மாத்தினாலும் அந்த ஆப் வழியா உள்ள வந்துட்டே இருப்பான். எதையும் அழிக்காதீங்க, முதல்ல ஸ்கிரீன்ஷாட், லாக், கால் ரெக்கார்டிங் எல்லாம் எடுத்து வைக்கணும். நிஜ மேனேஜருக்கும் போன் பண்ணுங்க, எச்ஆர் ஃபைல்ல இருக்குற நம்பருக்கு, ப்ரொஃபைல்ல இருக்குறது வேண்டாம், அதை இந்நேரம் மாத்தியிருப்பான்.

இன்னொண்ணு. "எம்எஃப்ஏ ரீசெட் பண்ணணும்னா என்னென்ன கேப்பீங்க"ன்னு நேத்தோ அதுக்கு முன்னாடியோ உங்க டெஸ்க்குக்கு எவனாவது சும்மா கேட்டானான்னு டிக்கெட்ல தேடிப் பாருங்க.

திட்டுக்குப் பயந்து லேட் பண்ண ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம்.

ராத்திரி_ஷிப்ட்:

அண்ணா, நீங்க சொன்னது அப்படியே இருக்கு, கை நடுங்குது டைப் பண்ண முடியல.

புது போன் ஒண்ணு ரெஜிஸ்டர் ஆகியிருக்கு, நிஜ மேனேஜர் போனே மாத்தலயாம், டூர்ல இருக்காரு, லாகின் ஏன் வரலன்னு அவரே குழம்பிட்டு இருந்தாராம். மெயில்ல ஒரு ரூல், "இன்வாய்ஸ்", "பேமெண்ட்"னு வர்ற மெயிலெல்லாம் யாருமே திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குப் போகுது. சப்ளையர் ஒருத்தரோட பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சு, இனிமே இதுக்கு அனுப்புங்கன்னு நம்ம மேனேஜர் பேர்ல அக்கவுண்ட்ஸுக்கு ஒரு மெயிலும் போயிருக்கு. அக்கவுண்ட்ஸ்ல ஒரு அக்கா பழைய நம்பர்ல சப்ளையருக்கே போன் பண்ணிக் கேட்டதால பணம் போகல, அந்த அக்காவுக்குக் கோயில் கட்டணும்.

டிக்கெட்லயும் தேடினேன். நேத்து காலையில 11:10க்கு ஒரு கால், என் கூட வேலை பாக்குறவர் எடுத்திருக்காரு. "நாளைக்கு போன் மாத்தப் போறேன், ரீசெட்டுக்கு என்ன தேவைப்படும், எத்தனை மணி வரைக்கும் ஆள் இருப்பீங்க"ன்னு கேட்டிருக்காங்க. அவரும் எம்ப்ளாயி ஐடி, மேனேஜர் பேரு, ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்னு சொல்லிட்டு, பொது விசாரணைன்னு போட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாரு.

அனுமதியோட_பொய்:

நான் ரெட் டீம்ல, அதாவது ஓட்டையைக் கண்டுபிடிக்க அட்டாக் பண்ணிப் பாக்குற டீம்ல இருக்கேன், கம்பெனி எழுத்துல அனுமதி குடுத்து, காசும் குடுத்து என்னைப் பொய் சொல்லச் சொல்லும். அதனால சொல்றேன் தம்பி, அந்த 11:10 கால்தான் அட்டாக், 6:40 கால் வெறும் அறுவடை. காலையில எடுத்தவர் ரகசியம்னு ஒண்ணுமே சொல்லல பாருங்க, அதனாலதான் அது வேலை செய்யுது. மேனேஜர் பேரும் டூர் விவரமும் எங்கிருந்து வந்திருக்கும் தெரியுமா, அவரோட அவுட் ஆஃப் ஆபீஸ் ரிப்ளையைப் பாருங்க. "இந்த தேதி வரைக்கும் டூர்ல இருக்கேன், அவசரம்னா இன்னாரைக் கூப்பிடுங்க"ன்னு இருக்கும். நான் எந்த வேலையை ஆரம்பிச்சாலும் முதல்ல பத்து பேருக்கு ஒரு சாதாரண மெயில் தட்டி விடுவேன், ஆட்டோ ரிப்ளையே கம்பெனில யார் யாருக்குக் கீழங்கற சார்ட்டைப் பாதி வரைஞ்சு குடுத்துடும். எம்ப்ளாயி ஐடியை ஐடி கார்டோட செல்ஃபி போட்டு நீங்களே குடுத்துடுறீங்க.

2012 ஆகஸ்ட்ல மாட் ஹோனன்னு ஒரு பத்திரிகைக்காரருக்கு நடந்ததும் இதே கதைதான். அமேசானுக்கு போன் பண்ணி அவர் அக்கவுண்ட்ல ஒரு கார்டு நம்பரைச் சேத்தாங்க, வச்சுட்டு மறுபடி போன் பண்ணி, சேத்த அந்த கார்டையே அடையாளமாச் சொல்லி புது மெயில் ஐடி சேத்தாங்க, உள்ள போய் அவரோட நிஜ கார்டுல கடைசி நாலு நம்பரைப் பாத்தாங்க. அமேசானுக்கு அந்த நாலு நம்பர் சும்மா டிஸ்ப்ளே பண்ற விஷயம், ஆப்பிள் சப்போர்ட்டுக்கு அதுதான் ஆளை அடையாளம் பாக்குற விஷயம். போன், ஐபேட், லேப்டாப் மூணையும் துடைச்சுட்டாங்க, குழந்தை போட்டோ உட்பட. எல்லாம் அவரோட மூணு எழுத்து ட்விட்டர் பேருக்காக.

கத்துக்கணும்னா இந்த மாதிரி கேஸை எடுத்து ஒவ்வொரு அடியா பிரிச்சுப் பாருங்க, யார் எந்த இடத்துல எந்த சின்ன விஷயத்தைக் குடுத்தாங்கன்னு. அதிகாரம், இப்ப விட்டா கிடைக்காதுங்கற அவசரம், பிடிச்சுப்போறது, பதில் உதவி, ஊரே செய்யுதுங்கறது, ஒரு தடவை சரின்னா அதுக்கப்புறம் இல்லன்னு சொல்ல வராதது, இந்த மாதிரி ஆளைச் சம்மதிக்க வைக்கிற ஆறு வழியை ராபர்ட் சியால்டினிங்கற உளவியல் பேராசிரியர் 1984லயே வகை பிரிச்சு எழுதிட்டாரு, அவர் பாத்தது சேல்ஸ்மேன் மாதிரி ஆளுங்களை. உங்க காலர் உங்களை மிரட்டல, மன்னிப்பு கேட்டாரு பாத்தீங்களா, அப்படிக் கேட்ட ஆளைக் கேள்வி கேக்க உங்களுக்கே கூச்சமாயிடுச்சு.

ஆபீஸ் ஆளுங்களுக்கு வேற பேர்ல போன் பண்றது வேண்டவே வேண்டாம். யாரை, என்னைக்கு, எது வரைக்கும்னு கையெழுத்து போட்ட பேப்பர் இல்லாம பண்ணா நீங்க ப்ராக்டிஸ் பண்றவர் இல்ல, குற்றவாளி. வேணும்னா டீம்ல ரெண்டு பேர் தெரிஞ்சே உக்காந்து, ஒருத்தர் காலர் ஒருத்தர் டெஸ்க்னு பேசிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல ஓட்டை தெரிஞ்சுடும்.

ஆயுள்_அட்மின்:

ட்ரெய்னிங், ரோல் ப்ளே எல்லாம் பேச நல்லா இருக்கும், எவனாவது ஒருத்தன் கிளிக் பண்ணத்தான் போறான். ஹார்ட்வேர் கீ (லாகினுக்கு கம்ப்யூட்டர்ல சொருகுற சின்ன சாவி) குடுங்க, வேலை முடிஞ்சுது. 2022ல க்ளவுட்ஃப்ளேர்ங்கற இன்டர்நெட் செக்யூரிட்டி கம்பெனில மூணு பேர் போலி லாகின் பக்கத்துல பாஸ்வேர்டை அடிச்சே குடுத்துட்டாங்க, ஆனாலும் உள்ள வர முடியல, ஏன்னா அந்த கீ நிஜ டொமைனுக்கு (வெப்சைட் முகவரிக்கு) மட்டும்தான் பதில் சொல்லும். ஓடிபியா இருந்தா அதையும் வாங்கி அப்பவே உள்ள போட்டிருப்பான்.

அனுமதியோட_பொய்:

கீ விஷயத்துல நூத்துக்கு நூறு சரி சார், போன்லயோ லேப்டாப்லயோ இருக்குற பாஸ்கீயும் அப்படித்தான், நானும் எல்லா ரிப்போர்ட்லயும் அதைத்தான் முதல்ல எழுதுவேன். ஆனா இந்தத் தம்பி கேஸ்ல கீ இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கீ தொலைஞ்சுபோச்சுன்னு போன் வந்தா புதுசு ஏத்திக் குடுக்குற ஆள் டெஸ்க்ல இருக்காருல்ல. பூட்டு எவ்வளவு பெருசா இருந்தா என்ன, நான் சாவி பண்றவர்கிட்டதான் போவேன். 2020 ஜூலை 15ல ட்விட்டர்லயும் போன்ல பேசித்தான் ஊழியர்கள்கிட்டருந்து லாகின் விவரத்தை வாங்கினாங்க, 130 அக்கவுண்ட்டைக் குறி வச்சு 45லருந்து ட்வீட்டே போட்டாங்க.

ராத்திரி_ஷிப்ட்:

நாலு நாள் கழிச்சு அப்டேட். மேனேஜர் திட்டல, ரெண்டே கேள்வில இதைத் திறந்து வச்சது நம்ம தப்புன்னு சொன்னாரு. இப்போ ரூல் என்னன்னா, எம்எஃப்ஏ ரீசெட்னா போனைக் கட் பண்ணிட்டு எச்ஆர் லிஸ்ட்ல இருக்குற நம்பருக்கு நாங்க கூப்பிடணும், யாரா இருந்தாலும் சரி. வெரிஃபிகேஷனுக்கு என்ன கேப்போம்னு போன்ல யாருக்கும் சொல்லக் கூடாது, அப்படிக் கேட்டா அதுவே ஒரு டிக்கெட்.

இன்னைக்கு ஒரு டைரக்டர் கூப்பிட்டாரு, நிஜமானவர், நான் கட் பண்ணிக் கூப்பிடுறேன் சார்னதும் செம கோபம், "என் குரல் தெரியாதா"ன்னாரு. கூப்பிட்டேன், எடுத்து "நான்தான்னு அப்பவே சொன்னேன்ல"ன்னாரு. குரல் நடுங்கிச்சு ஆனா சமாளிச்சுட்டேன். ஒரு சந்தேகம், தொலைஞ்சதே அந்த நம்பர் இருக்குற போனா இருந்தா?

பழைய_ரூட்டர்:

அப்போ அவரோட மேனேஜர் தன்னோட லாகின்ல இருந்து ரிக்வெஸ்ட் போடணும், நீங்க அந்த மேனேஜருக்கு தெரிஞ்ச நம்பர்ல கூப்பிட்டு உறுதி பண்ணணும், ரெண்டும் சேந்து. வீடியோ கால் மட்டும் வச்சு நம்பிடாதீங்க, 2024ல அரப்ங்கற பிரிட்டிஷ் இன்ஜினியரிங் நிறுவனத்தோட ஹாங்காங் ஆபீஸ்ல வீடியோ மீட்டிங்ல வந்த போலி முகங்களை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் போச்சு. அட்மின் அக்கவுண்ட்னா நேர்ல வரட்டும், வர முடியலன்னா காத்திருக்கட்டும்.

ராத்திரி_ஷிப்ட்:

சரிண்ணா, புது ரூல் ட்ராஃப்ட்ல சேத்துடுறேன். அவுட் ஆஃப் ஆபீஸ் ரிப்ளை வெளி ஆளுங்களுக்குப் போனா பேரும் தேதியும் வராத மாதிரி மாத்தச் சொல்லியிருக்கேன், காலையில கால் எடுத்தவர்தான் அந்த டெம்ப்ளேட்டை எழுதிட்டு இருக்காரு.