அந்தப் பெருமூச்சுக்கு என்ன பொருள்? ஆங்கில ஆசிரியர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ராபர்ட் ஃபிராஸ்ட் 1915இல் வெளியிட்ட ‘தி ரோடு நாட் டேக்கன்’ கவிதையைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, நானே மாட்டிக்கொண்டேன்.

‘வுட்’ என்றால் மரக்கட்டை என்றுதான் நினைத்திருந்தாள். சிறு காடு என்றும் பொருள் உண்டு என்று அகராதியைக் காட்டி ஒருவழியாக நம்பவைத்தேன். மஞ்சள் காடு இலையுதிர் காலம், பிரியும் பாதைகள் வாழ்க்கையில் எடுக்கும் முடிவுகள். இதுவரை சரி.

சிக்கல் கடைசிப் பத்தியில். ஆள் நடமாட்டம் குறைந்த வழியில் போனேன், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று பல காலம் கழித்துப் பெருமூச்சோடு சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறார். ‘ஷேல் பி டெல்லிங்’ எதிர்காலத் தொடர்வினை, இலக்கணம் புரிகிறது. அந்தப் பெருமூச்சு நிறைவா, வருத்தமா? ஆள் நடமாட்டம் குறைந்த வழியில் துணிந்து போன பெருமிதம் என்று கைடு அடித்துச் சொல்கிறது. ஆனால் இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தன என்று இரண்டாம் பத்தியில் அவரே ஒப்புக்கொள்கிறாரே! “அப்படியானால் கடைசியில் பொய் சொல்கிறாரா அப்பா?” என்கிறாள். பதில் இல்லை.

இரண்டு பொருளையும் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா, அல்லது கைடு சொல்வதையே எழுதச் சொல்லட்டுமா? விடைத்தாள் திருத்தும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை தேர்வு.